பிளாக்கெட் தைக்கும் கையும் ராத்திரி மாத்திரையும்

என்னைப் பார்த்து 'பாவம்' என்று உச்சுக்கொட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கோயமுத்தூரில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படுத்து எழுந்து வந்தவள் நான். முதல் தடவை நாலு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை நானே பஸ் ஏறிப் போனேன். இது இப்படித்தான் இருக்கும் என்று யாராவது முன்னாடியே எழுதிவைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். என் கண்ணில் எதுவும் படவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் குற்றம் இருந்தால் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். தையலில் குற்றம் சொன்னால்தான் சண்டைக்கு வருவேன்.

என் பெயர் சாந்தாமணி. பிறந்தது சேவூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருப்பூர். என் வீட்டுக்காரர் குமாரசாமி நிட்டிங் மில்லில் ஆப்பரேட்டர். ஒரே மகள் கவிதா, இதெல்லாம் நடந்தபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு பீஸ் தைத்து அனுப்பச் சொல்வான். அது அவனுக்குப் பிடித்தால்தான் ஐம்பதாயிரம் பீஸ் ஓடும். அந்த ஒரு பீஸைத் தைக்கிறவள் நான். காலர் வைத்த டீசர்ட்டில் பட்டன் போடுகிற முன்பட்டி இருக்கிறதல்லவா, அதைப் பிளாக்கெட் என்போம். அதன் அடி மூலையில் நூல் பிசகாமல் கத்தரித்து, மடித்து, சதுரமாக நிறுத்த வேண்டும். ஒரு நூல் கூடுதலாக வெட்டினால் ஓட்டை, ஒரு நூல் குறைத்தால் சுருக்கம். அந்த மூலையில் என்னை அடிக்க எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

முதலில் வந்தது இறக்கம். ஒரு மழைக்காலத்தில் மூன்று மாசம் எனக்கு எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருந்தது. அழுகைகூட வரவில்லை. ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார்கள். அப்புறம் பக்கத்துக் கிளினிக் டாக்டர், இது மனச்சோர்வு என்று சரியாகவே கண்டுபிடித்து ஒரு மாத்திரை எழுதினார். சில வாரத்தில் எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எழுந்தவள் எழுந்த இடத்தில் நிற்கவில்லை, மேலே மேலே போய்க்கொண்டே இருந்தேன்.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாக் கட்டுப்பாடு அப்போது போன புதிது, ஆர்டர் கொட்டியது. ஷிப்மென்ட் நெருங்கினால் திருப்பூரில் யார்தான் தூங்குகிறார்கள்? பகல் ஷிஃப்ட் முடிந்து டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஃபுல் நைட் உட்காருவது இங்கே சாதாரணம். நான் ஒரு நைட் உட்கார்ந்தேன், இரண்டு நைட் உட்கார்ந்தேன், அப்புறம் வீட்டுக்குப் போனாலும் தூக்கம் தேவைப்படவில்லை. களைப்பும் இல்லை. நாலு பேர் வேலையை நான் ஒருத்தி செய்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, சாந்தாமணியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் டீக்கடையில் என்னைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். எனக்கும் உடம்பெல்லாம் பெருமை பொங்கியது. வேறு ஊராக இருந்திருந்தால் நாலாம் நாளே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் தூங்காதவளுக்குக் கைதான் தட்டினார்கள்.

முதலில் சந்தேகப்பட்டது எஸ்தர். எஸ்தர் என் பக்கத்து மெஷினில், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிப்பவள், நாசரேத்துப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பனியன் துணியை ரோலில் இழுத்துச் சுற்றி அனுப்புவார்கள். வந்ததும் பிரித்துப் போட்டு ஒரு நாளாவது சும்மா கிடக்க விட வேண்டும். இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்பிச் சுருங்கிய பிறகுதான் கத்தரி வைக்கலாம். அவசரப்பட்டு வெட்டினால், தைத்து முடித்த பிறகு அது சுருங்கி, பெரியவர்கள் சட்டை பிள்ளைகள் சட்டையாகிவிடும். இந்த விஷயத்தில் நான் ராட்சசி, கட்டிங் மாஸ்டரையே திட்டியிருக்கிறேன். அன்றைக்கு லாரியில் இருந்து இறங்கிய ரோலை நானே பிரித்து, நின்ற வாக்கிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, துணியக் கெடக்க விடாம நீ வெட்ட மாட்டியே. ஒனக்கு என்னமோ ஆயிட்டு."

நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். துணி எனக்குக் கட்டுப்படும் என்றேன். உண்மையாகவே அப்படி நம்பினேன். அடுத்த இரண்டு நாளில் அறுபது மெஷினும் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுவது எனக்குக் கேட்டது. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் கம்பெனியை என் பெயருக்கு மாற்றிவிட்டான், கழுத்தில் வைக்கிற லேபிளில் அதை ரகசியமாக அச்சடித்து அனுப்புகிறான் என்று தெரிந்துவிட்டது. கேட்டில் நின்றுகொண்டு, இன்றையிலிருந்து எல்லோருக்கும் இரட்டைச் சம்பளம் என்று அறிவித்தேன். காதில் கிடந்த தோட்டைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் அதைக் காகிதத்தில் மடித்து, அன்று மாலையே என் வீட்டுக்காரரிடம் சேர்த்துவிட்டார்.

கோயமுத்தூருக்குக் காரில் போனது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. காத்திருக்கும் அறையில் பச்சை பெஞ்சு. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவரிடம் அவர் சட்டையின் தோள் தையல் கோணல் என்று நான் விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேனாம். பாவம் மனிதர், கழற்றிக் கொடுத்துவிடுவேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டாராம். அங்கே நடந்த ஒன்றை மட்டும் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். என்னைப் பார்த்த டாக்டரம்மா, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டபோது இவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.

"பதினோரு நாளாச்சுங்க. எங்க ஊரு கம்பெனிங்கள்ல இவளாட்ட வேலை செய்யற ஆளே இல்லீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாராம். அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று இவருக்கு உறைத்ததாம்.

அங்கே ஊசி போட்டார்கள். நான் சும்மா போட்டுக்கொள்ளவில்லை, கடித்தேன், கத்தினேன். ஊசி போட்ட நர்ஸிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்தேன். ரத்தம் எடுத்து தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள், இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தைராய்டு கெட்டாலும் மனசு இப்படி ஆடும் என்பதால் முதலில் அதைப் பார்ப்பார்களாம். எனக்கு அது சரியாக இருந்தது. நோயின் பெயர் பைபோலார், தமிழில் இருமுனைக் கோளாறு. சில மாசம் மனசு கிணற்றுக்குள் கிடக்கும், சில நேரம் கூரைக்கு மேலே ஏறி நிற்கும், நடுவில் மாசக்கணக்கில் எல்லோரையும்போல இருக்கும். போன வருஷத்து இறக்கமும் இந்த ஏற்றமும் ஒரே நோயின் இரண்டு முகம் என்றார் டாக்டரம்மா. இந்த நோய் இருக்கிறவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலபேரை அது கூரைக்குத் தள்ளிவிடும், கிளினிக் டாக்டர் பார்த்தது ஒரு முகத்தை மட்டும்தான் என்றும் சொன்னார்.

கொடுத்த மருந்து இரண்டு வகை. ஒன்று லித்தியம். அது ஒரு உப்பு, மனசு இரண்டு பக்கமும் எல்லை தாண்டாமல் பிடித்து வைக்கும். ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். இன்னொன்று ஆன்டிசைக்காட்டிக் என்கிற வகை, முதலில் போட்ட ஹாலோபெரிடால் ஊசி அந்த வகைதான். லித்தியம் வேலையைத் தொடங்கும்வரை கூரையில் நிற்கிறவளைக் கையைப் பிடித்து இறக்குவது அதுதான். மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம், ஏற்றத்தில் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது, மருந்து அதன் சத்தத்தைக் குறைக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள். மூன்றாம் நாள் மெஷின்கள் என் பெயரைச் சொல்வது நின்றது. எனக்கு அது நிம்மதி இல்லை, பயங்கரமான ஏமாற்றம். கம்பெனி என்னுடையது இல்லை என்று தெரிந்த அன்றைக்கு நான் ஒரு மூச்சு அழுதேன்.

அதே நாள் மாலை என் தாடை ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து தானாகத் திரும்பியது, கண் மேலே செருகியது. பேச முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னி என்று நினைத்து வார்டே அதிரக் கத்தினார். நர்ஸ் ஓடிவந்து இன்னொரு ஊசி போட்டார், கால் மணி நேரத்தில் சரியானது. கை கால் அசைவையும் அந்த ரசாயனம்தான் பார்த்துக்கொள்கிறதாம், மருந்து அதைத் தடுக்கும்போது சிலருக்குத் தசை இப்படிப் பிடித்துக்கொள்ளும். ஊசியை நிறுத்தி ரிஸ்பெரிடோன் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். தாடை அதன்பின் இழுக்கவில்லை. ஆனால் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது.

பதினெட்டு நாள் இருந்தேன். என் வீட்டுக்காரர் அதுவரை சுடுதண்ணீர்கூட வைத்தறியாதவர். வீட்டில் கவிதாவுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு தூக்குப்போசியில் ரசஞ்சோறு கொண்டுவருவார். அதில் உப்பு இருக்காது, சில நாள் புளியும் இருக்காது. முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வராது. பில்லுக்குத் தீபாவளி போனஸை முன்கூட்டியே வாங்கினார், போதாததற்கு வண்டியை விற்றார். அதற்கப்புறம் ஒரு வருஷம் மில்லுக்கு சைக்கிளில் போனார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மருந்துக் கடையில் ஒன்று நடந்தது. சீட்டைப் பார்த்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இது பைத்தியத்துக்குக் குடுக்கறதாச்சுங்க. ஆருக்குங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரருக்குங்க," என்றார் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு அந்தப் பொய் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது.

கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருந்தோம். கேட்டில் நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தும், காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று மரியாதையாக நம்பியதுபோல் காட்டிக்கொண்டார்கள். மெஷினில் உட்கார்ந்தேன். பிளாக்கெட் மூலைக்குக் கத்தரியைக் கொண்டுபோனேன். கை ஆடியது. மற்றவர்களுக்குத் தெரியாத ஆட்டம்தான், டம்ளரில் டீ குடித்தால் சிந்தாது. ஆனால் அந்த மூலைக்கு அது போதும். முதல் பீஸ் ஓட்டை. இரண்டாவது சுருக்கம். மூன்றாவதை பையர் திருப்பி அனுப்பினான். பதினான்கு வருஷத்தில் என் பீஸ் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் என்னைத் திட்டவில்லை, கொஞ்ச நாள் செக்கிங்கில் இருங்கள் அம்மா என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னைக் கொன்றது. மற்றவர்கள் தைத்த பீஸில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டு ஆறு வாரம் நின்றேன்.

ஏழாம் வாரம் மாத்திரைகளை நிறுத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை. ராத்திரி வாயில் போட்டு, குளியலறையில் துப்பிவிடுவேன். என்னைக் குற்றம் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தூக்கக் கலக்கம், வாய் வறட்சி எல்லாவற்றையும் நான் சகித்திருப்பேன். கை போனால் நான் யார்? இரண்டு வாரத்தில் நடுக்கம் சுத்தமாக நின்றது. மேனேஜரிடம் ஒரு வாய்ப்புக் கேட்டேன். தைத்த பீஸ் முதல் தடவையிலேயே ஓகே ஆனது. அன்று நான் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

அடுத்த மாசமே தூக்கம் மூன்று மணி நேரமானது. எனக்குத் தெரியும், தெரிந்தும் பிடித்திருந்தது. ஒரு காலையில் கவிதா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்காட்டவே வேகமாப் பேசறீங்க."

ஓங்கி அறைந்துவிட்டேன். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை நான் தொட்டதில்லை. அவள் அழவில்லை. ஒரு அடி பின்னால் போய், கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நின்றாள். என் மகள் என்னிடம் பயந்து நின்றாள். அவளைப் பள்ளிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மில்லுக்குப் போன் செய்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பையில் ஒரு சேலையும் திரும்பி வந்த அந்த பீஸையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம், இறங்கிவிடு உனக்கு ஒன்றுமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. கணியூர் தாண்டும்போது நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மீதித் தூரம் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால் அந்த பஸ்ஸிலிருந்து இறங்காததுதான்.

அதே பச்சை பெஞ்சில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றேன். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொன்னேன். பையிலிருந்து அந்த பீஸை எடுத்து மேஜைமேல் விரித்தேன். மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு இதுல தப்பு தெரியலைம்மா. நீங்க சொல்லிக் குடுங்க."

சொல்லிக்கொடுத்தேன். எத்தனை நூல், எங்கே வெட்டணும், எங்கே சுருங்கியிருக்கிறது, எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். எனக்கு இந்தக் கை வேண்டும், மாத்திரையும் வேண்டும், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் மறுபடியும் துப்பிவிடுவேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நடுக்கத்தை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். டீ சிந்தவில்லை, அதனால் நோயில் சேராது என்று நினைத்தேன் என்றேன். உங்கள் வேலைக்கு எது இடைஞ்சலோ அதெல்லாம் எனக்கு நோய்தான், இனி சொல்லாமல் நீங்களாக நிறுத்தக்கூடாது, சொன்னால் சரிசெய்யாமல் நான் விடமாட்டேன் என்றார். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒப்பந்தம்.

ரிஸ்பெரிடோனுக்குப் பதில் ஓலன்சபின் என்ற மாத்திரை. அதுவும் ஆன்டிசைக்காட்டிக்தான், ஆனால் நடுக்கம் குறைவு. லித்தியமும் கையை நடுக்கும் என்பதால் ரத்தத்தில் அளவு பார்த்துக் கொஞ்சம் குறைத்தார்கள். ஆன்டிசைக்காட்டிக் என்ற பெயரைக் கேட்டாலே பைத்தியம் என்கிறார்களே என்று கேட்டேன். முதலில் வேறு நோய்க்கு வந்த மருந்து, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, ஏற்றத்தை இறக்கவும் அது திரும்பாமல் காக்கவும் இதைத்தான் இப்போது நிறைய டாக்டர்கள் கொடுக்கிறார்கள் என்றார்.

மறுபடியும் என்னை வார்டில் சேர்த்தார்கள். அங்கே ஊசி நூல் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், சேலைக்குக் குத்துகிற ஊக்கைக்கூட வாங்கிவைத்துக்கொள்வார்கள். கை எப்படி இருக்கிறது என்று எதை வைத்துப் பார்ப்பது? வீட்டுக்காரரோடு கவிதா வந்தபோது தன் கணக்கு நோட்டையும் ஒரு மொட்டைப் பென்சிலையும் கொண்டுவந்தாள். நான் அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டைத் திறந்து, காலியான பக்கங்களைக் காட்டினாள். தினமும் காலையில் ஸ்கேல் இல்லாமல் ஒரு பிளாக்கெட் மூலை வரைவேன். முதல் நாள் கோடு புழு மாதிரி நெளிந்தது. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போது மற்ற சீட்டுகளோடு அந்தப் பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டாம் பக்கத்தில் மூலை சதுரமாக நின்றது. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஓலன்சபினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அகோரப் பசி. நாலு மாசத்தில் ஒன்பது கிலோ ஏறினேன். எஸ்தர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மீடியம் பீஸு எக்ஸெல் ஆயிட்டு, பையர் கேன்சல் பண்ணிருவாம்ளா," என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது விடியற்காலை ஒரு மணி நேரம் நடக்கிறேன், சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டியிருக்கிறேன், சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் பார்த்துக்கொள்கிறேன். நாலு கிலோ இறங்கியது. மீதி ஐந்து என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்து மருந்துக் கடையில் சீட்டை நீட்டியபோது யாருக்கு என்று அந்த ஆள் மறுபடியும் கேட்டார். "எம்பட சம்சாரத்துக்குங்க," என்று என் வீட்டுக்காரர் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்.

என் சாம்பிள் மெஷின் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மாத்திரை ராத்திரி ஒன்பதுக்கு, பத்துக்குத் தூக்கம். டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார், தூக்கம் கெட்டால் எந்த மாத்திரையும் தனியாக நின்று காப்பாற்றாது. ஷிப்மென்ட் இல்லாத நாளில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் ஷிப்மென்ட் வராத கம்பெனி எது? புரட்டாசி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் சாம்பிள் டேபிளுக்கு வந்தார். காலையில் கொரியரில் போக வேண்டிய பீஸ் ஒன்று, பையர் காலரையும் பிளாக்கெட்டையும் மாற்றச் சொல்லிவிட்டான், எல்லோரும் ஃபுல் நைட், நீங்களும் இருங்கள் என்றார். மஞ்சள் காமாலைக்கு அப்புறம் உடம்பு முடியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தப்பித்தால் அடுத்த ஷிப்மென்ட்டுக்கு இன்னொரு பொய் தேட வேண்டும். உண்மையைச் சொன்னால் இந்த மெஷின் இன்றோடு போகலாம், பைத்தியத்திடம் சாம்பிளைக் கொடுப்பானேன் என்று கேட்கலாம். எழுந்து நின்றேன். கால்தான் நடுங்கியது, கை இல்லை.

"எனக்கு வந்தது காமாலை இல்லீங்க சார். பைபோலார்னு மனசு சம்பந்தப்பட்ட நோவு. ராத்திரி ஒம்பதுக்கு மாத்திரை போட்டுத் தூங்கியாகோணும். எட்டு மணிக்கு நான் போயிருவனுங்க. அதுக்குள்ள பீஸு உங்க கையில இருக்கும்."

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எஸ்தர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஓவர்லாக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள், அது அவள் எனக்குச் செய்த மரியாதை. மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். முடியாவிட்டால் ஏழு மணிக்கே சொல்லிவிடுங்கள், ஆள் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணி நேரம். பேட்டர்ன் மாற்றி வெட்டினேன். காலர் வைத்தேன். பிளாக்கெட் மூலைக்கு வந்தபோது மணி ஏழே கால். கத்தரியைக் கையில் எடுத்தபோது மெஷின் வரிசையில் இருந்த எல்லோரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. பன்னிரண்டு பக்கம் வரைந்த கை அது. வெட்டினேன், மடித்தேன், நிறுத்தினேன். ஏழே முக்காலுக்குப் பீஸை அயர்ன் போட்டு அவர் மேஜையில் வைத்தேன். அவர் டேப்பை எடுத்து மார்பு, நீளம், தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாக அளந்தார். மூலையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பார்த்து முடித்து, பீஸோடு போகிற சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

"கிளம்புங்கம்மா. நாளைக்கும் எட்டு மணிக்கே போயிக்குங்க."

"நாளைக்கு மட்டும் இல்லீங்க சார். எப்பவுமே எட்டு மணிதானுங்க."

அவர் சிரித்துவிட்டார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் தலைநிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். வீட்டில் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் கம்பெனி முழுக்க விழித்திருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.